நனைவதற்கென்றே ஒரு காலணி

தண்ணீருக்குள் இறங்கி நின்று தூண்டில் வீசுபவர்களுக்கென்று உலகச் சந்தையில் விற்கப்படும் காலணிகளில் பெரும்பாலானவை, பனி உருகி ஓடும் மலையாறுகளையும் அவற்றில் வாழும் டிரவுட் மீனையும் மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய ஆறுகளில் சிறிது நேரம் நனைந்த காலோடு நின்றாலே விரல்கள் மரத்துவிடும் என்பதால், அங்கே மீன் பிடிப்பவர்கள் மார்புவரை ஏறும் நீர்புகாக் கால்சட்டை ஒன்றை அணிந்து, அதன் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் தடித்த நியோப்ரீன் காலுறையின் மேல் கனமான பூட்ஸைத் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். 1930களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பரே நியோப்ரீன். நுரையாக மாற்றிய பின் அதில் சிறைப்படும் வாயுக் குமிழ்கள் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கின்றன. ‘வேடர்’ எனப்படும் அந்தக் கால்சட்டை குளிரைத் தடுக்க, பூட்ஸ் வழுக்கலைத் தடுக்கிறது.

இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும் இடம் தமிழ்நாட்டில் நீலகிரி மட்டும்தான் எனலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து டிரவுட் மீனைப் பெருக்கிய ஆங்கிலேயர்கள், அந்த மீனோடு அதைப் பிடிக்கும் முறையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். சென்னையின் தென்கரையில், கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையே உள்ள பாலவாக்கத்தின் கடலோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. அங்கே நீர்புகாக் கால்சட்டையை அணிந்து ஒரு மணி நேரம் நின்றால், வெளியிலிருந்து வராத ஈரம் வியர்வையாக உள்ளேயே ஊறிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளில் ராடும் ரீலும் ஏந்தி நிற்கும் பொழுதுபோக்குத் தூண்டிற்காரர்கள் பெருகியிருக்கும் இந்நாளில், கால் நனையத்தான் போகிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகு அந்த நனைந்த காலை எப்படிக் காப்பது என்பதே இந்தக் கரைக்குரிய கேள்வியாகிறது.

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை வெறுங்கால். பாலவாக்கம் குப்பத்தில் ஃபைபர் படகை அலைக்குள் தள்ளி இறக்குபவர்களும், அதற்கு முன் கட்டுமரத்தில் போனவர்களும், கரையில் நின்று வீச்சு வலை எறிபவர்களும் காலணியை மணலில் கழற்றி வைத்துவிட்டே தண்ணீரில் கால் வைக்கிறார்கள். இதை வறுமையின் அடையாளமாகவோ கவனக்குறைவாகவோ மட்டும் பார்ப்பது தவறு. ஈரமான மரத்தின் மேலும் சரியும் மணலின் மேலும் விரல்களை விரித்துப் பிடிமானம் கொள்ளும் பாதத்துக்கு ஈடான அடித்தளத்தை இதுவரை எந்தத் தொழிற்சாலையும் செய்துவிடவில்லை என்பது ஒருபுறமிருக்க, தரை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் மணலை அரித்துக்கொண்டு போகிறது என்பதையெல்லாம் மீனவருக்கு முதலில் சொல்வது உள்ளங்கால்தான். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமர்ந்தபடி கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் இந்த நுணுக்கம் இன்னும் கூர்மையானது. அவர்களுடைய கைகால்களுக்கும் தரைக்கும் இடையே தடித்த ரப்பர் ஒன்றைச் சொருகினால் தொழிலே நின்றுவிடும்.

ஆனால் அந்தப் பாதம் பழகிய தரை இப்போது இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணலில் உடைந்த மதுப்புட்டிகள் புதைந்து கிடக்கின்றன. அறுந்துபோன நரம்பு வலைகளும் துருவேறிய தூண்டில் முட்களும் அலையோடு ஒதுங்குகின்றன. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை, கடல் அரிப்பைத் தடுப்பதற்காகக் கருங்கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அந்தக் கற்களின் மேல் பாசியும், பிளேடு போன்ற விளிம்புடைய சிப்பி இனங்களும் படர்ந்திருக்கின்றன. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்ததோடு, அண்மை ஆண்டுகளில் ‘காக்கா ஆளி’ என்று மீனவர்கள் அழைக்கும் அயல்நாட்டுச் சிப்பி ஒன்று படுகையையே போர்த்திக்கொண்டு பெருகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வெறுங்காலில் நின்றவர்களின் பாதம் காய்த்துத் தோலே காலணியாகிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் அலுவலகத்தில் காலுறையோடு இருந்துவிட்டு ஞாயிறு விடியலில் கடற்கரைக்கு வருபவரின் பாதத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. அப்படி வருபவருக்குத்தான் காலணி வேண்டும்.

அவர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் கம்பூட்ஸாகவே இருக்கிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்த பின், 1850களில் பிரான்சிலும் ஸ்காட்லாந்திலும் தொழிற்சாலைப் பொருளாகிய இந்தக் காலணி, சேற்று வயலுக்கும் மீன் பதப்படுத்தும் கூடத்துக்கும் சாக்கடைப் பணிக்கும் இன்றும் சிறந்ததுதான். ஆனால் அலை அடிக்கும் கரைக்கு அது சற்றும் பொருந்தாது. முழங்கால் உயர அலை ஒன்று வந்தவுடன் மேல்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. இங்கே பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிறைந்த பூட்ஸ் ஆளைக் கல்லைக் கட்டியதுபோல் ஆழத்துக்கு இழுத்துவிடும் என்று சொல்லப்படுவது சரியன்று, ஏனெனில் தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆபத்து வருவது வேறு இடத்தில்: காலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கும் கணத்தில் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோவாகத் தொங்குகிறது; நீந்த முயன்றால் அகன்ற பூட்ஸ் நீரை எதிர்த்து நின்று காலின் உதைப்பை வீணாக்குகிறது; மணலும் உள்ளே புகுந்துவிட்டால் அதன் எடை தண்ணீருக்குள்ளும் முழுவதுமாக மறையாது. கரையேற வேண்டிய ஒரு சில நொடிகளில் ஆளை நிறுத்திவைக்க இவை போதும்.

பாலவாக்கம் போன்ற திறந்த மணற்கரைகளின் அமைப்பு இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அலைகள் உடையும் இடத்தில் மணல் குவிந்து திட்டாகவும், அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே தரை தாழ்ந்து பள்ளமாகவும் அமைவது இத்தகைய கரைகளின் இயல்பு. கிழங்கான், மடவை, கெளுத்தி போன்றவை இரை தேடி அந்தப் பள்ளத்தை ஒட்டியே சுற்றுவதால், இன்னும் நாலடி உள்ளே போனால் மீன் கிடைக்கும் என்ற ஆசை தூண்டிற்காரரைத் திட்டுவரை இழுத்துச்செல்கிறது. திட்டைத் தாண்டி வந்து குவிந்த தண்ணீர் ஏதேனும் ஓர் இடைவெளியைக் கண்டு கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுப்பில்தான் சென்னைக் கரைகளில் பலர் உயிரிழக்கிறார்கள். முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்காதிருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்தக் காலணியும் தருவதில்லை. குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையின் வடிவமே ஒரே இரவில் மாறிவிடும் என்பதால், நேற்று நின்ற இடம் இன்றும் அங்கே இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

ஆகவே இந்தக் கரைக்கான நல்ல பூட்ஸின் முதல் இலக்கணம், உள்ளே வந்த தண்ணீரை அடுத்த அடியிலேயே வெளியே தள்ளிவிடுவது. பக்கவாட்டில் அடித்தளத்தை ஒட்டி வடிதுளைகள் இருக்க வேண்டும்; கடையில் இதைச் சோதிப்பது எளிது, உள்ளே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டாலும், உள்ளே விரலை விட்டுத் துளைகள் உள்ளங்கால் தகட்டின் மட்டத்தில் இருக்கின்றனவா அதற்கு மேலே இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கலாம். மேலே இருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் எப்போதும் உள்ளே தங்கிக் காலை ஊறவைக்கும். துளைகளின் அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவை பெரிதாக இருந்தால் தண்ணீரோடு மணலும் தாராளமாக வந்துபோகும். வலைத்துணியால் மூடப்பட்டிருந்தால் நுண்மணல் உள்ளே வந்து தங்கிவிடும், வெளியே போகாது.

கடற்கரையில் பூட்ஸ் அணிந்து நடப்பவர்களை உண்மையில் வதைப்பது முள்ளும் சிப்பியும் அல்ல, இந்த நுண்மணல்தான். ஈரத்தில் ஊறி மென்மையாகிப்போன தோலுக்கும் பூட்ஸின் உள்துணிக்கும் இடையே மணல் புகுந்து, ஒவ்வோர் அடிக்கும் உப்புத்தாள்போலத் தேய்த்து, குதிகாலுக்கு மேலேயும் சுண்டுவிரலின் பக்கத்திலும் தோலை உரித்துவிடுகிறது. அலையில் நிற்கும்போது தெரியாத எரிச்சல், வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது தெரியும். இதற்கு நடைமுறைத் தீர்வு இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய நியோப்ரீன் காலுறை. இங்கே அது குளிருக்காக அன்று, காலைச் சுற்றி இறுகப் பற்றி மணலைத் தோலுக்கு வெளியே நிறுத்துவதற்காகவே வேண்டியிருக்கிறது. பருத்திக் காலுறை நீரில் தொய்ந்து மணலை மடிப்புகளில் சேர்த்துவைப்பதால் வெறுங்காலைவிடவும் தீங்கானது. கட்டும் முறையிலும் மணலின் ஆட்சியே நடக்கிறது: ஜிப் சில நாட்களில் சிக்கிக்கொள்ளும், ஒட்டுப்பட்டையின் கொக்கிகளில் மணலும் பாசித்துணுக்கும் அடைத்து அது பிடிக்காமல் போகும், பழைய கயிறு ஒன்றுதான் எதையும் பொருட்படுத்தாது. அந்தக் கயிறு நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். அது புகும் வளையங்கள் இரும்பாக இல்லாதிருக்கட்டும்.

அடித்தளத்தைப் பற்றித்தான் தூண்டிற்காரர்கள் மிகுதியாக விவாதிக்கிறார்கள். மலையாற்றின் வழுவழுப்பான உருளைக்கற்களில் நெடுங்காலம் சிறந்ததாகக் கருதப்பட்டது ஃபெல்ட் எனப்படும் அமுக்கிய கம்பளிப் படலம் ஒட்டிய அடித்தளம்; அதன் இழைகள் கல்லின் மேலுள்ள பாசிப்படலத்துக்குள் ஊடுருவிப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதே இழைகளுக்குள் ஈரம் பல நாட்கள் தங்கியிருப்பதால், ஓர் ஆற்றின் நுண்ணுயிர்கள் மறு ஆற்றுக்குப் பயணம் செய்யும் வாகனமாகவும் அது மாறியது. நியூசிலாந்தின் தென்தீவில் 2004இல் டிடிமோ என்ற அயல்பாசி கண்டறியப்பட்டு ஆறுகளின் அடித்தரையைச் சளிபோலப் போர்த்தத் தொடங்கியபோது, தூண்டிற்காரர்களின் பூட்ஸ் மீது சந்தேகம் விழுந்தது. 2008இல் அந்நாடு ஃபெல்ட் அடித்தளத்தைத் தடைசெய்ய, அமெரிக்காவின் அலாஸ்கா, மேரிலாந்து போன்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. மணற்கரையில் ஃபெல்ட்டால் எந்தப் பயனும் இல்லை, ஓரிரு நாளில் அது மணலேறிய கட்டியாகிவிடும் என்பதால் பாலவாக்கத்துக்கு அது தேவையே இல்லை. ஆயினும் அந்த வரலாறு சென்னைக்கும் பொருந்துகிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த காக்கா ஆளியைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் கப்பல்களாகவே இருக்க வேண்டும் என்றாலும், எண்ணூரில் காலையில் நின்ற சேற்று பூட்ஸோடு மாலையில் முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறங்குபவர், தம் பங்குக்கு எதைச் சுமந்து வருகிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும். சேற்றைக் கழுவி, முழுவதும் உலரவிட்ட பிறகே மறு நீர்நிலைக்கு அந்த பூட்ஸைக் கொண்டுபோவது நல்லது.

ரப்பர் அடித்தளத்தில் மென்மையும் ஆயுளும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன: நகத்தால் அழுத்தினால் சற்றே பள்ளம் விழும் மென்ரப்பர் ஈரப்பாறையை நன்றாகப் பற்றும், விரைவில் தேயும், கல்போன்ற கடின ரப்பரும் மலிவான பிவிசி அடித்தளமும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஈரப்பாறையில் வழுக்கிவிடும். மணலில் மட்டும் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தூண்டில் வளைவுகளின் மேல் ஏறுபவர் ஆயுளைவிடப் பிடிமானத்தையே விலை கொடுத்து வாங்க வேண்டும். அடித்தளத்தில் உலோக ஆணிகள் பதித்த பூட்ஸும் உண்டு. பாசி மூடிய கல்லில் அவை உதவினாலும் உலர்ந்த கருங்கல்லில் சறுக்குவதாலும், உப்புநீரில் எஃகு ஆணிகள் துருப்பிடிப்பதாலும், இந்தக் கரையில் அவற்றைப் பரிந்துரைக்க முடியாது. கண்ணாடித் துண்டையும் தூண்டில் முள்ளையும் எண்ணித் தேர்ந்தெடுப்பவர், அடித்தளத்தைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்து, முன்பகுதி விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தும் நடுப்பகுதி வளையாமலும் இருக்கிறதா என்று கவனிப்பது நல்லது. எங்கும் எளிதாக மடங்கும் மெல்லிய ‘நீர்க் காலணி’ வகை நீச்சல் குளத்துக்கு ஏற்றது. ஹவாய் செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முதல் அலையிலேயே ஒற்றைச் செருப்பு கடலோடு போய்விடும்.

அளவு பார்ப்பதில் இந்தியர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே புழங்கும் காலணி எண்கள் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. அவற்றின் அச்சுகள் குறுகிய ஐரோப்பியப் பாதத்தை ஒட்டியவை. 1948இல் நிறுவப்பட்டு அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து, இந்தியப் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டறிந்தது. அதன் அடிப்படையில் எட்டு அளவுகளைக் கொண்ட ‘பா’ என்னும் புதிய அளவுமுறையையும் முன்வைத்தது. அகலம் போதாதபோது நாம் வழக்கமாகச் செய்வது ஓர் எண் பெரிதாக வாங்குவது; அப்படி வாங்கிய பூட்ஸில் நீளம் மிஞ்சிக் குதிகால் மேலும் கீழும் நழுவுகிறது, நழுவும் இடத்தில்தான் மணல் தேய்க்கிறது. மேலும், வேடர் கால்சட்டையோடு அணிவதற்கென்று செய்யப்பட்ட பூட்ஸ்களில் தடித்த காலுறைக்கு இடம்விட்டே எண் குறிக்கப்படுவது உண்டு என்பதால், இணையத்தில் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி மெல்லிய காலுறையோடு அணிபவருக்கு அது தொளதொளக்கும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், அணியப்போகும் அதே காலுறையோடு கடைக்குப் போய், கயிற்றை இறுக்கிக் கட்டி, சரிவான இடத்தில் இறங்கி நடந்து, பெருவிரல் முன்பக்கத்தில் இடிக்காமலும் குதிகால் எழும்பாமலும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மாற்று வழி இல்லை.

நீரிழிவு நோயுள்ளவர்களுக்கு இவையெல்லாம் வசதியைப் பற்றிய விஷயமாக நின்றுவிடுவதில்லை. நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்வு குறைந்த பாதத்தில் சிப்பி கீறினாலும் மணல் உரித்தாலும் அப்போது தெரியாது; வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் அந்தக் காயத்தின் வழியே புகுந்தால், நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களிடம் தொற்று விரைந்து தீவிரமாகும். உணர்விழந்த பாதத்துக்கு எத்தகைய காலணி வேண்டும் என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு: 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் தொழுநோயாளிகளுக்காக உருவாக்கிய நுண்துளை ரப்பர்க் காலணிதான், இன்று மருந்துக்கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று விற்கப்படுகிறது. பாதத்தைத் தொடும் அடுக்கு மென்மையாகவும் தரையைத் தொடும் அடுக்கு முள் துளைக்காத கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற அந்தக் கோட்பாடு கடற்கரை பூட்ஸுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் உணர்வு குறைந்த பாதமுடையவர் எந்த பூட்ஸ் அணிந்தாலும் தண்ணீரில் இறங்காமல் உலர்மணலிலிருந்தே தூண்டில் வீசுவது நல்லது என்பதை மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பூட்ஸ் எவ்வளவு தடித்திருந்தாலும் திருக்கையின் வாலிலுள்ள முள்ளை அது முழுமையாகத் தடுக்காது. மணலில் பாதி புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் அது வாலைச் சுழற்றிக் கணுக்காலையோ கெண்டைக்காலையோ குத்தும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நகர்வதே சரியான வழி. அதிர்வை உணர்ந்த மீன் தானே விலகிவிடும். குத்திவிட்டால், அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையக்கூடியது என்பதால், சுட்டுவிடாத அளவுக்குச் சூடான, சுமார் 45 டிகிரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டால் வலி தணியும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவமனைக்குப் போவது அதன் பிறகும் அவசியம்.

உழைப்பைப் பொறுத்தவரை, சென்னையில் பூட்ஸைக் கொல்வது பயன்பாட்டைவிடச் சேமிப்புதான். இலகுவான நடைக்காகப் பல காலணிகளின் நடு அடுக்கில் சேர்க்கப்படும் பாலியூரித்தேன் நுரை, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீரோடு வினைபுரிந்து மூலக்கூறு மட்டத்திலேயே சிதைகிறது. பெட்டியைப் பிரிக்காமல் சில ஆண்டுகள் வைத்திருந்த பூட்ஸைக்கூட முதல் நாள் அணிந்ததும் அடித்தளம் பொடிப்பொடியாக உதிர்வதற்கு இதுவே காரணம். தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்குவதற்குமுன் தயாரித்த ஆண்டைப் பார்ப்பதும், ரப்பரும் ஈவிஏ நுரையும் கொண்டவற்றைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். மேற்பகுதி தோலாக இருந்தால் உப்பு அதை விறைக்கவைத்து வெடிக்கச் செய்யும். செயற்கை இழைத் துணியும் செயற்கைத் தோலும் இங்கே மேலானவை. பருத்தி நூலில் தைத்த கேன்வாஸ் ஷூ ஒரு பருவத்துக்குள் தையல் விட்டுவிடும், ஆனால் குறைந்த செலவில் தொடங்க விரும்புபவர் கணுக்கால் மூடிய கேன்வாஸ் ஷூ ஒன்றை வாங்கி, தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலால் ஒரு சுற்றுத் தைக்கச் சொல்லி, பக்கத்துக்கு இரண்டு வடிதுளைகளும் போட்டு வாங்கிக்கொண்டால், விலையுயர்ந்த இறக்குமதிப் பொருளுக்கு முன் தம் கால் எதைக் கேட்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

கடலிலிருந்து வந்ததும் பூட்ஸை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். போர்க்குழாய் நீரே உவர்ப்பாக வரும் கடலோர வீடுகளில் இதற்குக் குடிநீரில் ஒரு வாளி ஒதுக்க வேண்டியிருக்கும். உள்தகட்டைக் கழற்றித் தனியே கழுவி, கயிற்றைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, மணலை உதறி, கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் காற்றோட்டமாக வைத்தால் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் ஒட்டுப்பசை இளகி அடித்தளம் முன்முனையில் வாய்பிளக்கத் தொடங்கும். ஈரத்தோடு காரின் பின்பெட்டியில் அடுத்த ஞாயிறுவரை பூட்டி வைக்கப்பட்ட பூட்ஸின் நாற்றம் எதைக் கொண்டு கழுவினாலும் போவதில்லை.